கணைக்கால் வலி வந்தாலும் உடற்பயிற்சியை விடாமல் இருக்க: ஷின் ஸ்ப்ளின்ட்ஸுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஓட ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆனபின்தான் பெரும்பாலும் இது வரும். மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். தொடைக்குத் தெம்பு வந்திருக்கும். இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று தோன்றுகிற நேரம். அப்போது பார்த்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு மந்தமான வலி தலைகாட்டும். முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஓட்டம் முழுக்க இருக்கும், ஓடி முடித்த பிறகும் இருக்கும், கடைசியில் மாடிப்படி இறங்கும்போதுகூட இருக்கும்.

ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். மருத்துவர் சீட்டில் 'மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்' என்று எழுதுவார். ஓடுகிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ராணுவப் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், நடனம் ஆடுகிறவர்கள், குதிப்பது அதிகமுள்ள விளையாட்டுகளில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான தொல்லை.

வலி என்று சொன்னதும் இரண்டு விதமான அறிவுரை வரும். ஒன்று, 'ஒரு மாதம் பேசாமல் படுத்துக்கொள்'. மற்றது, 'ஓடினால் சரியாகிவிடும், விடாதே'. முதலாவதைக் கேட்டால் வலி போகும், ஆனால் திரும்ப ஓடியதும் வந்து நிற்கும். படுத்திருந்த காலத்தில் எலும்பு வலுவாகியிருக்காது என்பதுதான் காரணம். இரண்டாவதைக் கேட்டால் எலும்பில் விரிசல் வரை போகலாம். எலும்புக்கு அது தாங்குகிற அளவு சுமை, இதயத்துக்கும் தசைகளுக்கும் வழக்கமான உழைப்பு, இரண்டையும் தனித்தனியாக அளந்து கொடுப்பதுதான் இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் முறை.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலுக்குள் ஏறுகிறது. அதோடு ஆடுசதை இழுக்கும் விசையும் சேர்ந்து, டிபியா என்னும் பெரிய கணைக்கால் எலும்பு மிக லேசாக வளைந்து நிமிர்கிறது. இந்த வளைவு கெட்டதல்ல. எலும்பு கெட்டிப்படுவதே இதனால்தான்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. சுமை கூடியதும் உடம்பு முதலில் களைத்துப்போன எலும்புப் பகுதியை அரித்து எடுக்கிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டி அதைக் கெட்டிப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். இதயமும் நுரையீரலும் இப்படிக் காத்திருப்பதில்லை, சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். அதனால்தான் 'இப்போதுதானே நன்றாக ஓட வந்தது' என்று நினைக்கிற நேரத்தில் கணைக்கால் மக்கர் செய்கிறது.

எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை ஆடுசதையின் அடித்தசையும் அதன் உறையும் இழுத்துப் புண்ணாக்குவதுதான் காரணம் என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு. எலும்பே சுமை தாங்காமல் திணறுவதுதான் காரணம் என்பது இன்னொரு கருத்து. எது சரியானாலும் வைத்தியம் ஒன்றுதான், சுமையின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

படி 1: இது அதுதானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மற்ற எதில் தவறினாலும் சில வாரம் வீணாகும், அவ்வளவுதான். இதில் தவறினால் எலும்பு முறியக்கூடும்.

உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்ற முழங்கால்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலின் உள்பக்க முட்டிலிருந்து எலும்பின் ஓரத்தைப் பிடித்தபடியே கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்றால் வலி நீளமாகப் பரவியிருக்கும். குறைந்தது 5 செ.மீ. நீளத்துக்கு, பெரும்பாலும் கீழ்ப்பாதியில், தொட்ட இடமெல்லாம் வலிக்கும்.

விரல்நுனி அளவுள்ள ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால் கதை வேறு, அது எலும்பு விரிசலாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதும் வலிப்பது, இரவில் வலியால் விழிப்பது, ஒற்றைக்காலில் ஒரு முறை குதித்தாலே அதே இடத்தில் குத்துவது, நொண்டி நடப்பது ஆகியவையும் விரிசலின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். எலும்பின் உள் ஓரத்தில் இல்லாமல், நேர் முன்பக்கத்தில் நடுவாக ஒரு புள்ளி வலித்தால் இன்னும் கவனம் தேவை. அந்த இடத்து விரிசல் ஆறுவது கடினம், முழுதாக முறியவும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று: முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்ற காகிதத்தை நம்பி ஓடப் போகாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள்.

எலும்பை அழுத்தினால் வலியே இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கி ஏறக்குறைய அதே நேரத்தில் கால் கல்லாக இறுகுகிறது, பாதம் மரத்துப்போகிறது, நின்றால் சிறிது நேரத்தில் விட்டுவிடுகிறது என்றால் அது தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறும் வேறு பிரச்சினை. அதற்கான பரிசோதனையே தனி. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதை வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலமாக அடிபட்ட பிறகு தாங்க முடியாத வலியும் இறுக்கமும் வந்தால் அது அவசர சிகிச்சைக்கான விஷயம்.

எலும்புக்கு வெளிப்பக்கம், முன்னால் இருக்கிற சதை மட்டும் வலித்தால் அது பாதத்தைத் தூக்கும் தசையின் களைப்பு. வேகமாக நடக்கத் தொடங்கியவர்களுக்கும் இறக்கத்தில் ஓடுகிறவர்களுக்கும் வரும், பெரும்பாலும் சீக்கிரம் போய்விடும்.

படி 2: என்ன மாறியது என்று தேடுங்கள்

கடந்த நான்கு முதல் ஆறு வாரக் கணக்கை எடுத்துப் பாருங்கள். கைபேசிச் செயலியில் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதினாலும் போதும். தூரம் கூடியதா? வாரத்தில் ஓடும் நாட்கள் கூடினவா? வேக ஓட்டம், மேடு பள்ளம், குதிப்புப் பயிற்சி புதிதாகச் சேர்ந்ததா? நீண்ட இடைவெளிக்குப் பின் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினீர்களா? மெத்தென்ற காலணியிலிருந்து தட்டையான காலணிக்கு மாறினீர்களா? ஒரு பக்கமாகச் சரிந்த சாலை ஓரத்திலேயே தினமும் ஓடுகிறீர்களா?

பெரும்பாலும் இதில் ஒன்றோ இரண்டோ ஒரே நேரத்தில் மாறியிருக்கும். சிமென்ட் தரை மேல் பழி போடுவது எல்லோருக்கும் பிடித்த வேலை. கெட்டித் தரையைவிட, தரை திடீரென்று மாறுவதுதான் அதிகம் தொல்லை தருவதாக எனக்குப் படுகிறது. மாதக்கணக்கில் தார்ச்சாலையில் ஓடிப் பழகிய கால் மணலில் ஒரு மணி நேரம் ஓடினாலும் வலிக்கும்.

உடம்பின் பங்கும் உண்டு. முன்பு ஒரு முறை இதே வலி வந்தவர்கள், ஓடிப் பழக்கம் குறைந்தவர்கள், உடல் எடை கூடியவர்கள், நிற்கும்போது பாதத்தின் உள்வளைவு அதிகமாகச் சரிகிறவர்கள், ஆண்களைவிடப் பெண்கள், ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவற்றில் பலவற்றை மாற்ற முடியாது. எவ்வளவு நிதானமாகக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் இந்தத் தகவல் பயன்படும். காலணி 500 முதல் 800 கி.மீ. வரை ஓடிவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள்.

படி 3: முதல் இரண்டு வாரம்

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடப் பழகுங்கள். ஓடும்போது ஒரு முறை, ஓடி முடித்ததும் ஒரு முறை, மறுநாள் காலை எழுந்து முதல் சில அடி வைக்கும்போது ஒரு முறை. மூன்றிலும் மறுநாள் காலை மதிப்பெண்தான் முக்கியம். ஓடும்போது வலியே தெரியாமல், விடிந்ததும் கால் கனத்து வலித்தால் முந்தைய நாள் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

சாதாரண நடையிலேயே வலி இருந்தால் ஓட்டம் வேண்டாம். வலி தராத வேகத்தில், வலி தராத தூரம் நடங்கள். நடையில் வலி இல்லை, ஓட்டத்தில் மட்டும் 2-க்குள் இருக்கிறது, மறுநாள் காலையில் சுத்தமாக இல்லை என்றால் முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாக்குங்கள், வேக ஓட்டத்தையும் இறக்கத்தையும் அடியோடு விடுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் ஓடுங்கள். வலி 3-ஐத் தாண்டினால் அந்த இடத்திலேயே நின்று நடந்து திரும்புங்கள். வீடு வரை ஓடிவிடலாம் என்று பல்லைக் கடிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

ஐஸ் வைக்கலாம். துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வலி தணியும், குணமாவது அதனால் வேகமாகாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அந்த வலி. அதை மழுங்கடித்துவிட்டு ஓடுவது, பெட்ரோல் முள்ளை மறைத்துவிட்டு நெடும்பயணம் கிளம்புவதைப் போலத்தான்.

படி 4: மூச்சும் இதயமும் சும்மா இருக்க வேண்டாம்

ஓட்டத்தில் குறைத்த நிமிடங்களை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் ஓடுவது வழக்கம் என்றால், அதே செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் சைக்கிள். வேக ஓட்டம் இருந்த நாளில் சைக்கிளிலேயே மூன்று நிமிடம் கடினமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று ஐந்தாறு முறை மிதியுங்கள். ஓட்டப் பழக்கத்துக்கான அந்த நேரம் அட்டவணையில் காலியாகாமல் இருப்பதே பெரிய விஷயம். அது காலியானால் வேறு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மீட்பது கஷ்டம்.

ஓட்டத்துக்கு மிக நெருக்கமான மாற்று, ஆழமான தண்ணீரில் ஓடுவது. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், சற்றே முன்சாய்ந்து ஓடும் அசைவையே செய்ய வேண்டும். முழங்கால் முன்னே வந்து, கால் பின்னோக்கித் தள்ள வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் சுழற்றினால் பயன் குறையும். தனியாகச் செய்தால் பயங்கர சலிப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் நிமிடக் கணக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்யுங்கள். தண்ணீரில் இதயத்துடிப்பு தரையில் ஓடும்போது ஏறும் அளவுக்கு ஏறாது, எனவே கடிகாரத்தைவிட மூச்சை வைத்தே உழைப்பை அளவிடுங்கள்.

நீச்சலும் நல்லது. திரும்பும்போது சுவரைக் காலால் உதைத்தால் வலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எலிப்டிகல் இயந்திரம் (ஜிம்மில் நின்றபடியே, மிதியிலிருந்து பாதத்தைத் தூக்காமல் ஓடுவதுபோல் மிதிப்பது) பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு வலிக்கும், முதல் நாள் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் காலை மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். ஸ்கிப்பிங், ஜம்பிங் ஜாக், பெட்டி மேல் தாவுவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

தண்ணீரும் சைக்கிளும் எலும்புக்கு ஏறக்குறைய எந்தச் சுமையும் தராது. அதனால் அவற்றை மட்டுமே நம்பி இரண்டு மாதம் கழித்தால் மூச்சு பிரமாதமாக இருக்கும், கணைக்கால் பழைய இடத்திலேயே இருக்கும். வலியில்லாத நடையையும் அடுத்த படியில் வரும் பயிற்சிகளையும் கூடவே செய்தாக வேண்டும்.

படி 5: ஆடுசதையை வலுவாக்குங்கள்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் குதிகால் உயர்த்தலைச் செய்யுங்கள். அதை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். முழங்காலை நீட்டிச் செய்தால் மேலே தெரியும் ஆடுசதை வேலை செய்யும். முழங்காலை லேசாக மடக்கிச் செய்தால் அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தட்டையான தசை வேலை செய்யும். ஓட்டத்தில் உடலைத் தாங்குவதில் பெரும்பங்கு இந்த அடித்தசைக்குத்தான், அது களைத்தால் எலும்பு கூடுதலாக வளைகிறது. பலரும் நேர்க்காலில் மட்டும் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

சுவரைப் பிடித்தபடி இரண்டு காலாலும் தொடங்குங்கள். இரண்டு விநாடியில் ஏறி, ஒரு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். 12 முதல் 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். அதுவும் சுலபமானதும் பையில் எடை வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். தசை எரிவது சரி, எலும்பின் ஓரத்தில் வலிப்பது சரியில்லை. ஒற்றைக்காலில் தடுமாறாமல் 25 முறை ஏறி இறங்குவது நல்ல இலக்கு.

கூடவே, சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஓரடி முன்னே வைத்து, முன்பாதத்தை மட்டும் மேலே தூக்கி இறக்குங்கள், 20 முறை. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது இடுப்புப் பக்கத் தசைக்கு. ஆடுசதையை இழுத்து நீட்டும் பயிற்சி இதமாக இருந்தால் செய்யலாம், அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

படி 6: சாப்பாடும் தூக்கமும்

எடையைக் குறைக்க ஓட ஆரம்பித்தவர்கள் சாப்பாட்டையும் ஒரேயடியாகக் குறைத்திருப்பார்கள். எலும்பு கட்டுவதற்குச் சக்தி வேண்டும். உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் உடம்பு முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் எலும்பும் ஒன்று. பெண்களுக்கு மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால், அது பயிற்சியின் பக்கவிளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். 19 முதல் 50 வயது வரை உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மி.கி. கால்சியம் தேவை. வெயிலே படாமல் வேலை செய்கிறவர்கள் வைட்டமின் டி அளவை ஒரு முறை பரிசோதிப்பது நல்லது. மாத்திரை எடுப்பதானால் முடிவைப் பார்த்த பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில்.

படி 7: திரும்ப ஓடத் தொடங்குவது

நாள் கணக்கு வைத்துத் திரும்பாதீர்கள். நான்கு சோதனைகளில் தேறிய பிறகு திரும்புங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை. எலும்பின் ஓரத்தை அழுத்தினால் வலி இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஒற்றைக்காலில் பத்து முறை குதித்தால் வலி இல்லை. ஒற்றைக்கால் குதிகால் உயர்த்தல் 20 முறையாவது வருகிறது.

தேறியாயிற்றா? சமதரையில், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் தொடங்குங்கள்:

- நிலை 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
- நிலை 2: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை
- நிலை 3: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை
- நிலை 4: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை
- நிலை 5: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை
- நிலை 6: 25 நிமிடம் தொடர் ஓட்டம்

ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒவ்வொரு நிலையையும் குறைந்தது இரண்டு முறை, முந்தைய மாதங்களில் வலி கடுமையாக இருந்தவர்கள் மூன்று முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முதல் நிலை அவமானமாகத் தோன்றும். மூச்சு வாங்காது, வியர்வைகூட வராது. அங்கே பயிற்சி பெறுவது எலும்பு மட்டும்தான். உழைத்த திருப்தி வேண்டுமென்றால் அதே நாளில் சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிமிடங்கள், அப்புறம் நாட்கள், அப்புறம் வேகம், கடைசியாக மேடும் இறக்கமும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். ஓடும் தூரத்தை 'வாரத்துக்கு 10 சதவீதம்' என்பதற்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதி பிரபலம். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை, கண்மூடித்தனமாகக் கூட்டுவதைத் தடுக்கும் ஒரு கடிவாளமாக வைத்துக்கொள்ளலாம்.

படி 8: அடி வைக்கும் விதம்

ஓடும்போது வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். 160 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் 168 முதல் 176 வரை கொண்டுபோகப் பாருங்கள், அதாவது 5 முதல் 10 சதவீதம். அடிகள் சிறிதாகும், பாதம் உடம்புக்கு நெருக்கமாக விழும், ஒவ்வொரு அடியிலும் கணைக்கால் தாங்கும் சுமை குறையும். எல்லோருக்கும் 180 என்று சொல்வதை நம்ப வேண்டாம், உயரமும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும்.

குதிகால் முதலில் படுவதை விட்டுவிட்டு முன்பாதத்தில் ஓடச் சொல்வார்கள். இந்த வலி இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். முன்பாத ஓட்டத்தில் ஆடுசதை கூடுதலாக இழுக்கும், ஏற்கெனவே புண்பட்ட உள் ஓரத்துக்கு அது நல்லதல்ல.

எதற்குச் செலவு செய்யலாம்

அதிர்வு தாங்கும் இன்சோல், வலி வராமல் தடுப்பதில் ஓரளவு உதவுவதாகத் தெரிகிறது. உள்வளைவு நன்றாகச் சரிகிறவர்கள் முயன்று பார்க்கலாம். இறுக்கமான காலுறை, வண்ண டேப், மசாஜ் கன் ஆகியவை அந்த நேரத்துக்கு இதம் தரலாம், குணமாகும் காலத்தை அவை குறைப்பதாக நல்ல ஆதாரம் இல்லை. மசாஜ் கன்னை ஆடுசதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எலும்பின் ஓரத்தில் வைத்து அடிக்க வேண்டாம். இவை எல்லாவற்றையும் வாங்கும் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரை இரண்டு முறை பார்ப்பது மேல் என்பேன்.

வலி திரும்ப வந்தால்

வரும், பலருக்கும் இடையில் ஒரு முறையாவது வரும். மறுநாள் காலையும் வலி நீடித்தால் இரண்டு நாள் ஓட்டத்தை விட்டு, சைக்கிளில் ஏறி, முந்தைய நிலையிலிருந்து தொடருங்கள். ஒரே நிலையில் இரண்டு முறை மாட்டிக்கொண்டால் குதிகால் உயர்த்தலில் எடையைக் கூட்டி இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள். பரவலாக இருந்த வலி ஒரு புள்ளியில் குவிந்தால் படி 1-க்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நிலை 3-ஐத் தாண்ட முடியவில்லை என்றாலும் அப்படித்தான். அப்போது வலி மதிப்பெண்ணும் ஓடிய நிமிடங்களும் எழுதிய தாளை மறக்காமல் எடுத்துப்போங்கள், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.